தோளில் தொங்கும் முக்கால் கிலோ

பெங்களூர் இன்ஃபன்ட்ரி சாலையில் இருக்கும் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் ரிவால்வர் லைசென்ஸ் பெறுவது சுலபமல்ல. விண்ணப்பம், போலீஸ் விசாரணை, உயிருக்கு ஆபத்து என்பதற்கு ஆதாரம், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று என்று மாதங்கள் ஓடிவிடும். அதன் பிறகு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒரு ரிவால்வர். இவ்வளவு பாடுபட்டவர்களில் பலர் அதற்கான உறையைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

ஒரு வாரத்தில் பட்டை கழுத்தை அறுக்க ஆரம்பிக்கிறது. விலாவில் இரும்பு குத்துகிறது. உறை வீட்டு ஆணியில் தொங்குகிறது. ரிவால்வர் கார் டேஷ்போர்டுக்கும், மேஜை இழுப்பறைக்கும், தலையணை அடிக்கும் இடம் மாறுகிறது. ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

2024 அக்டோபர் 1 அதிகாலையில் மும்பையில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். கொல்கத்தா புறப்படத் தயாரான இந்தி நடிகர் கோவிந்தா, தனது லைசென்ஸ் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கை தவறி விழுந்து வெடித்தது. குண்டு அவரது காலில் பாய்ந்தது. எதிரி யாரும் இல்லை, சண்டையும் இல்லை. துப்பாக்கி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் அந்தச் சில விநாடிகளே விபத்துக்குப் போதும். நல்ல உறையின் முதல் வேலை, அப்படிப்பட்ட விநாடிகளைக் குறைப்பது.

சட்டமும் உறையை அலங்காரப் பொருளாகக் கருதவில்லை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி அதற்கென உள்ள உறையிலோ அதுபோன்ற பையிலோ இருக்க வேண்டும். முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டை விட்டு அது விலகக் கூடாது. வெளியே எடுத்துக் காட்டி மிரட்டுவதற்கும் தடை உண்டு. கோட்டு விலகும்போது கைப்பிடி தெரியட்டும் என்று விரும்புகிற ரியல் எஸ்டேட் பிரமுகர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

இடுப்பில் கட்டும் உறையை விட்டுப் பலர் தோள் உறையைத் தேடுவதற்கு பெங்களூர் போக்குவரத்தும் ஒரு காரணம். சில்க் போர்டு சந்திப்பைக் கடக்கவே அரை மணி நேரம் காரில் உட்கார வேண்டிய ஊர் இது. இடுப்பில் இருக்கும் ரிவால்வர் இருக்கையில் அழுந்தி இடுப்பெலும்பைப் பதம் பார்க்கும். சீட் பெல்ட் கொக்கியோடு மல்லுக்கட்டும். அக்குளுக்குக் கீழே தொங்கினால் இந்தத் தொல்லை இல்லை. கழிப்பறையில் பெல்ட்டோடு கழற்றி வைத்துவிட்டு மறந்து வரும் அபாயமும் இல்லை.

பருவநிலையும் ஒத்துழைக்கிறது. தோள் உறைக்கு மேலே கோட்டோ ஜாக்கெட்டோ கட்டாயம் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் வருடத்தின் பெரும்பகுதி அதைத் தாங்கிக்கொள்ளலாம். சென்னையில் மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். பெங்களூரிலும் ஏப்ரல் வெயிலில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றும் பழக்கம் உள்ளவருக்குத் தோள் உறை சரிப்படாது. கோட்டு கழன்றதும் ‘முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும்’ என்ற விதியும் கூடவே கழன்றுவிடுகிறது.

எடையைத் தோளுக்கு மாற்றும் யோசனை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1858-இல் வட இந்தியாவில் நடந்த சண்டையில் இடது கையை இழந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சாம் பிரவுன், ஒற்றைக் கையால் வாளை உருவ வசதியாக, இடுப்பு பெல்ட்டோடு தோளுக்குக் குறுக்கே ஒரு பட்டையைச் சேர்த்துக்கொண்டார். ராணுவ, போலீஸ் அதிகாரிகள் சீருடைக்கு மேல் அணியும் குறுக்குப் பட்டைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

இந்தியர் பலரின் கையில் இருப்பது கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர். 1980-களின் மத்தியில் தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்ட பிறகு தேர்வுகள் குறைந்துபோயின. 2014-இல் பெண்களை மனதில் வைத்து அறிமுகமான ‘நிர்பீக்’ சுமார் 500 கிராம், அப்போது விலை 1.22 லட்சம் ரூபாய். அது நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. 2023-இல் வந்த ‘பிரபல்’ தோட்டாக்கள் இல்லாமலே 700 கிராம்; குழலின் நீளம் 76 மில்லிமீட்டர். ஆறு தோட்டாக்களையும் நிரப்பினால் முக்கால் கிலோவைத் தாண்டும். நாள் முழுவதும் ஒரே தோளில் தொங்கினால் முக்கால் கிலோ அற்ப எடையல்ல.

எனவே முதலில் பார்க்க வேண்டியது பட்டை. ஒல்லியான பட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தோளை அறுக்கும். அகலமான பட்டை எடையைப் பரப்பும். முதுகில் 8 என்ற எண்ணைப் போல் குறுக்கிட்டு, நடுவில் அசைந்து கொடுக்கும் இணைப்போடு இருந்தால், கையை உயர்த்தும்போது கழுத்தை நோக்கி ஏறாது. வலது அக்குளுக்குக் கீழே தோட்டாப் பை இருப்பது நல்லது. எடை சமமாகாது என்றாலும் ஒருபக்கமாக இழுபடுவது குறையும். உறையின் அடிப்பகுதியை பெல்ட்டோடு இணைக்கும் சிறு பட்டையை வேண்டாத சங்கதி என்று சிலர் கழற்றி எறிகிறார்கள். குனிந்து ஷூ கயிறு கட்டும்போது ரிவால்வர் ஊஞ்சலாடி முன்னால் வராமல் தடுப்பது அதுதான். ஸ்கூட்டரில் போகிறவருக்கு அது இல்லாமல் ஆகாது.

அடுத்தது குழல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. கிடைமட்டமாகத் தொங்கும் உறை கோட்டுக்குள் நன்றாக மறையும், எடுப்பதும் எளிது. ஆனால் குழல் முனை பின்பக்கம் பார்க்கும். வங்கி வரிசையில் பின்னால் நிற்பவருக்கு அது தெரியாது, தெரிந்தால் நிற்கமாட்டார். செங்குத்தாகத் தொங்கும் உறையில் குழல் தரையைப் பார்க்கும். குழல் நீளமானால் உட்காரும்போது இடுப்பில் இடிக்கும். .32 ரிவால்வரின் குட்டைக் குழலுக்கு அந்தச் சிரமம் குறைவு. கூட்டமான இடங்களில் புழங்குபவர்களுக்கு இதுவே ஏற்றது.

எந்த வகையானாலும் விசைப் பகுதியை உறை முழுவதும் மூட வேண்டும். தலைகீழாகப் பிடித்தாலும் ரிவால்வர் நழுவாதபடி பட்டன் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும். அந்த ரிவால்வருக்கென்றே அளவெடுத்த உறையாகவும் இருக்க வேண்டும். ‘எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்’ என்று விற்கப்படுவது எதற்கும் சரியாகப் பொருந்தாது. ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங்கே இதில் சறுக்கியிருக்கிறார். ஒரு துப்பாக்கி நிபுணரின் யோசனையைக் கேட்டு, 1958-இல் வந்த ‘டாக்டர் நோ’ நாவலில் பாண்டுக்கு வால்தர் பிஸ்டலைக் கொடுத்தார். கூடவே கொடுத்த பெர்ன்ஸ்-மார்ட்டின் உறையோ ரிவால்வருக்காகச் செய்யப்பட்டது. கதையில் செல்லும், தெருவில் செல்லாது.

பெண்களுக்குச் சிக்கல் அதிகம். தோள் உறைகள் பெரும்பாலும் ஆண்களின் உடலமைப்பை வைத்துத் தைக்கப்படுகின்றன. எளிய மாற்று கைப்பை என்று தோன்றும். ஆனால் ஹோட்டல் நாற்காலியின் முதுகில் மாட்டிய பை யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது? பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவனுக்கு ரிவால்வரும் சேர்ந்து கிடைக்கும். அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வதே உத்தமம்.

தோல் உறையில் இன்னொரு சங்கதி. அணியும்போது அது சுகமாக இருக்கும். ஆனால் ரிவால்வரை அதிலேயே மாதக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. தோல் வியர்வையையும் மழை ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்கும், தோட்டாவின் பித்தளையில் பச்சை பூக்கும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருவது வழக்கம். கர்நாடகத்தில் 2023 சட்டமன்றத் தேர்தல், அடுத்த ஆண்டே மக்களவைத் தேர்தல் என்று அடுத்தடுத்து வந்தன. ஒப்படைக்கும்போது எண்ணெய் தடவி, தோல் உறையிலிருந்து எடுத்துக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

உறை வாங்கிய அன்றே ரிவால்வரோடு வெளியே கிளம்ப வேண்டியதில்லை. தோட்டாக்களை அகற்றி, உருளையை இருமுறை சரிபார்த்து, வீட்டில் இரண்டு மணி நேரம் அணிந்து பார்க்கலாம். உட்கார்ந்து, குனிந்து, கைகளை உயர்த்தி, காரில் ஏறி இறங்கிப் பார்க்கலாம். வண்டி ஓட்டுபவருக்கு சீட் பெல்ட் வலது தோளிலிருந்து வருவதால் தொந்தரவில்லை. இடப்பக்க இருக்கையில் அமர்பவருக்கு அது உறையின் பட்டை மேலேயே விழுந்து அழுத்தும். உருவும்போது குழல் தன் இடது கையையே கடந்து வராதிருக்க, பயிற்சியாளர் முன்னிலையில் வெற்றுத் துப்பாக்கியோடு பழக வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பொறுக்க முடியாதவருக்கு வேறு உறை வேண்டும், அல்லது ரிவால்வர் வீட்டுப் பெட்டகத்தில் பூட்டியே இருக்க வேண்டும். லைசென்ஸ் இருப்பதால் சுமந்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. டேஷ்போர்டும் தலையணையும் மட்டும் கூடவே கூடாது.