வழி கேட்ட பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். பாதி படித்துவிட்டு லைக் போட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்ததை, குழுவில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு அரியலூரில் லீவில் இருக்கும் என் அக்கா பேத்தி ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: "அண்டர்டேல் கேம் யாராவது விளையாடியிருக்கீங்களா? நான் யாரையும் கொல்லாம கடைசி வரைக்கும் வந்துட்டேன். சண்டை முடிஞ்சு பேரெல்லாம் ஓடிருச்சு. ஆனா கதை முடியல. அந்தப் பூ ஏதோ ஜாடையா சொல்லுது. லேப் வரைக்கும் திரும்பிப் போய்ப் பார்த்தேன், ஒண்ணும் நடக்கல. முழுசா சொல்ல வேணாம், ஒரு க்ளூ போதும்."

வந்த பதில்கள் இரண்டு. என் மச்சான் ஒருவர், "வெளையாட்டுக்கும் ட்யூஷனா? நாங்கல்லாம் யாரைக் கேட்டு வெளையாடினோம்?" என்று போட்டார். அதற்கு ஏழெட்டு சிரிப்புப் பொம்மைகள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் அடுத்த பத்து நிமிடத்தில் நாற்பது வரி ஒட்டினான். யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கதவு, எந்த ரகசியம், கடைசியில் யார் யாராக மாறுகிறார் என்று முழுக் கதையும் அதில் இருந்தது. அந்தப் பிள்ளை "பரவால்ல தாத்தா, தேங்க்ஸ் மாமா" என்று எழுதிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

கேலி செய்தவர், கொட்டித் தீர்த்தவன் இருவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. இருவர் மீதும் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் இருவர் செய்ததும் ஒரே தவறின் இரண்டு பக்கம். ஒருவர் கேட்கும் வாயை அடைத்தார். மற்றவன் தேடும் காலை ஒடித்தான்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். பேரன் லேப்டாப்பில் மூன்று வாரம் உட்கார்ந்து நானே ஆடிப் பார்த்ததால் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. அண்டர்டேல் 2015-இல் வெளிவந்தது. டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் கதை, இசை, நிரல் எல்லாவற்றையும் பெரும்பாலும் தனியாளாகச் செய்தது. 2013-இல் பொதுமக்களிடம் 5,000 டாலர் கேட்டார், 51,000-க்கு மேல் கிடைத்தது. பெரிய கம்பெனி கிடையாது. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் அவ்வளவுதான், விளம்பரம் இல்லை, பந்தயம் இல்லை. 'ஆன்லைன் ரம்மி' என்று பதறும் சித்திகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு அரசு 2022-இல் சட்டம் போட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடை செய்தது. அந்தச் சரக்கு வேறு, இது வேறு.

கதை இதுதான். பூதங்கள் வாழும் பாதாள உலகில் ஒரு குழந்தை விழுந்துவிடுகிறது. எதிரே வருகிறவர்களோடு சண்டையும் போடலாம், பேசிச் சமாதானமும் ஆகலாம். இந்த மாதிரி ஆட்டங்களில் எதிரியைக் கொன்றால் மதிப்பெண் ஏறும், நிலை உயரும் என்பது வழக்கம். இதில் கடைசிக் கூடத்தில் ஒரு பாத்திரம் வந்து நிற்கும். இத்தனை நேரம் நீ சேர்த்த அந்த மதிப்பெண் உன் திறமைக்கு அளவு இல்லை, நீ பிறருக்குச் செய்த கொலைக்கு அளவு என்று எடுத்துச் சொல்லும். முப்பத்து மூன்று வருடம் மார்க் போட்ட எனக்கே அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. யாரையும் கொல்லாமல் வருகிறவருக்கு அந்தக் கணக்கில் பூஜ்யம்தான் இருக்கும். நம் பிள்ளை அந்தப் பூஜ்யத்தோடு வந்து நிற்கிறாள். வகுப்பில் பூஜ்யம் வாங்கியவனைப் பெஞ்சில் ஏற்றுவோம். இங்கே அது மெடல்.

இதன் கடைசிப் பகுதிதான் சிக்கல். அதுவரை பாதை ஏறக்குறைய நேராகப் போகும். முதல் தடவை கடைசிச் சண்டை முடிந்ததும் ஒரு முடிவு வரும், ஆனால் அது முழு முடிவு அல்ல. வந்த வழியே திரும்ப வேண்டும். யாரிடம் அரைகுறையாகப் பழகிவிட்டு வந்தோம் என்று யோசிக்க வேண்டும். 'அடுத்து இங்கே' என்று அம்புக்குறி எதுவும் காட்டாது. நம்மூர்க்காரர்களுக்கு இது புரியாதா என்ன? அரியலூர் 2001-இல் தனி மாவட்டம் ஆனது, 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007-இல் திரும்பத் தனியாகப் பிரிந்தது. போன இடத்துக்கே திரும்பி வந்து, வேறு முடிவுக்குப் போன ஊர் நம்முடையது.

இப்போது மச்சானுக்கு. "நாங்கல்லாம் யாரைக் கேட்டோம்" என்கிறீர்களே, கோயில் திண்ணையில் ஆடு புலி ஆட்டம் ஆடும்போது சுற்றி நின்றவர்கள் வாயை மூடிக்கொண்டா இருந்தார்கள்? மூன்று புலியை அடைக்கப் பதினைந்து ஆட்டோடு திணறினால் ஒரு பெரியவர் மெதுவாக, "அந்த மூலையப் பாரு" என்பார். அவர் காயைத் தொட மாட்டார். மூலையை மட்டும் காட்டுவார். அப்படித்தான் நீங்களும் நானும் கற்றோம். கம்ப்யூட்டர் ஆட்டங்களிலும் கேட்பது புதிது இல்லை. 1980களிலேயே நின்டென்டோ கம்பெனி, ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் போனில் வழி சொல்லத் தனியாக ஆள் வைத்திருந்தது. வழி கேட்பது இழுக்கு என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

அதோடு, அவள் கேட்ட விதத்தை ஒரு ஆசிரியரின் கண்ணால் பாருங்கள். எங்கே நிற்கிறேன், இதுவரை என்ன செய்தேன், எதை முயன்று பார்த்தேன், எவ்வளவு உதவி வேண்டும் என்று நான்கும் அந்தக் கேள்வியில் இருக்கின்றன. "ஒண்ணும் புரியல சார்" என்பதைத் தாண்டிக் கேட்கத் தெரிந்த மாணவரை நான் வருடத்துக்கு இரண்டு பேர் பார்த்திருந்தால் அதிகம். பாதி விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. அதைப் பாராட்டியிருக்க வேண்டிய இடத்தில் சிரிப்புப் பொம்மை போட்டோம்.

அடுத்து பெங்களூர்த் தம்பிக்கு. உன் மனசு நல்லது. ஆனால் அவள் கேட்டது ஒரு குவளை, நீ ஏரியைத் திறந்துவிட்டாய். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கு உன்னையும் கூட்டிப் போனேனே, நினைவிருக்கிறதா? சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த இடம். வெயிலில் வெடித்துக் கிடக்கும் அந்த ஓடைப் பள்ளங்களில் இறங்கியதும் எல்லோரும் "வெறும் மண்ணுதான் சார்" என்றீர்கள். நான் ஒன்றை எடுத்துக் கையில் தரவில்லை. "சுருளாக இருப்பதைத் தேடுங்கள், நிமிர்ந்து பார்க்காதீர்கள், குனிந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். கால் மணி நேரத்தில் அம்மோனைட் தடத்தை முதலில் பார்த்துக் கத்தியவன் நீ. நான் எடுத்துக் கையில் கொடுத்திருந்தால் உனக்கு அது ஒரு கல். நீயே பார்த்ததால்தான் இன்றுவரை அந்தக் கதையை உன் பிள்ளைகளுக்குச் சொல்கிறாய்.

உதவியை அளந்து கொடுப்பது ஒரு கலை. அதை உலகம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அமெரிக்காவில் இன்ஃபோகாம் என்ற நிறுவனம் சோர்க் போன்ற எழுத்து வடிவ ஆட்டங்களை வெளியிட்டது. அவற்றுக்கு 1980களில் 'இன்விசிக்ளூஸ்' என்று குறிப்புப் புத்தகம் வந்தது. கேள்விகள் மட்டும் கண்ணுக்குத் தெரியும். விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் இருக்கும். தனிப் பேனாவால் தேய்த்தால் ஒரு வரி தெரியும். முதல் வரி லேசான ஜாடை, அடுத்தது கொஞ்சம் தெளிவு, கடைசி வரிதான் முழு விடை. எதுவரை தேய்ப்பது என்பது ஆடுகிறவர் முடிவு. கேள்விகளைப் படித்தே கதையை ஊகித்துவிடக் கூடாது என்று நடுநடுவே பொய்க் கேள்விகளையும் கலந்திருந்தார்கள். அந்த மரியாதையைக் கவனியுங்கள். எதிரே இருப்பவருக்கு மூளை இருக்கிறது, அவர் மகிழ்ச்சியை நாம் திருடக் கூடாது என்ற மரியாதை அது.

நாம் கைடு பார்த்து வளர்ந்த கூட்டம். கேள்வி வந்தால் ஐந்து மார்க் விடையை அச்சடித்து நீட்டுவதுதான் உதவி என்று பழகிவிட்டோம். எனக்கு விடை தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் கொஞ்சம் உண்டு, தம்பி. மறுக்காதே.

"ஒரு கேமுக்கு இவ்வளவு பேச்சா சார்?" என்று சிலர் நினைப்பீர்கள். கேம் போகட்டும். நான் பேசுவது கேட்கும் பழக்கத்தைப் பற்றி. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துப் பள்ளிகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். சந்தேகத்தோடு ஸ்டாஃப் ரூம் வாசல் வரை வந்து, உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பிப் போன பிள்ளைகளின் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு வரை பாதை நேர்: ஒரு புத்தகம், ஒரு பரீட்சை, அடுத்த வகுப்பு. அதற்குப் பிறகு அம்புக்குறி நின்றுவிடும். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைன். எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடுவது என்று பிரவுசிங் சென்டர்க்காரர் முடிவு செய்த வீடுகள் எத்தனை! பத்தாவதோடு ஐடிஐ போனவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அந்த டிப்ளமோவை வைத்துக்கொண்டு பி.இ. படிப்பிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். திரும்பி வந்து வேறு கதவு வழியாக நுழையும் பாதை அது. வீட்டில் முதலாவதாகப் படிக்கிற பிள்ளைக்கு இது தானாகத் தெரியாது, கேட்டால்தான் தெரியும். சின்ன விஷயத்தில் கேட்டுச் சிரிப்பு வாங்கிய பிள்ளை பெரிய விஷயத்தில் வாயைத் திறக்குமா?

இன்னொன்று. அண்டர்டேல் தமிழில் கிடையாது. ஆங்கிலத்தில், அதுவும் சிலேடையும் நக்கலுமாகப் பேசும் ஆட்டம். அதைத் தமிழ்வழிப் பிள்ளை ஒருத்தி அகராதியை வைத்துக்கொண்டு கடைசி வரை ஆடியிருக்கிறாள். வழிகாட்டிக் குறிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அவள் தமிழில் கேட்க நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? உங்களில் எத்தனை பேர் கணினித் துறையில் இருக்கிறீர்கள், எத்தனை பேர் இரவு முழுக்க ஆடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆடி முடித்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைக்கலாமே? விடைப் பட்டியல் வேண்டாம். படிப்படியான ஜாடைகள் போதும்.

எப்படி என்று கேட்டால் என் முறை இதுதான். முதலில் கேள்வியாகவே ஒரு ஜாடை. அது போதாவிட்டால் ஒரு திசை. அதுவும் போதாவிட்டால், கேட்டவரே "சொல்லிவிடுங்கள்" என்ற பிறகு விடை. உதாரணம் காட்டுகிறேன். என் பேத்தியாளுக்கு நான் கொடுத்திருக்கக்கூடிய ஜாடை ஒரே வரி: "உன்னைத் துரத்தி வந்து வெக்கையில் மயங்கி விழுந்தாளே, அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாய். அதற்குப் பிறகு அவளை ஒருமுறையாவது போய்ப் பார்த்தாயா?" அவ்வளவுதான். மீதியை அவளே கண்டுபிடித்திருப்பாள். இனி ஆடப் போகிறவர்களுக்காக நானும் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். கமெண்டில் வந்து மீதியை யாராவது கொட்டினால் அழித்துவிடுவேன், சொல்லிவிட்டேன்.

மச்சான், அந்தப் பிள்ளைக்கு இன்று ஒரு போன் போடுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். "அந்த ஆட்டத்த எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடும்மா" என்று கேளுங்கள். பெரியவர்கள் கேட்பதைப் பார்த்தால்தான் சின்னவர்களுக்கும் கேட்க வரும். தம்பி, நீ முடித்த ஆட்டம் ஒன்றுக்கு மூன்று ஜாடை எழுதி இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. தமிழில். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்