பெட்டியின் மேல் கொட்டை எழுத்து!

தீபாவளிப் போனஸ் கையில் வந்ததும் 'ஹோம் தியேட்டர்' வாங்க சுங்காய், ஈப்போ கடைகளுக்குப் புறப்படும் பெற்றோர்களே, சற்றுப் பொறுங்கள். பெட்டியின் மேல் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது கண்ணிமைக்கும் நேர உச்சக் கணக்கு. அதை அளக்கப் பொது விதி கிடையாது. ஒலிபெருக்கி தொடர்ந்து தாங்கும் சக்தியைச் சொல்வது 'ஆர்.எம்.எஸ்.' எண்தான். அதைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: 50 வாட் 100 வாட்டானால் ஓசை இரட்டிப்பதில்லை, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகவே, அதிக வாட்டுக்காக அதிக வெள்ளி கொடுக்குமுன் யோசியுங்கள்.

வீட்டில் கேட்டுப் பழகிய பாட்டையே கடையில் போடச் சொல்லுங்கள். சொல் தெளிவாகக் கேட்கிறதா? வியர்வை சிந்திய காசுக்கு உங்கள் காதே நீதிபதி!