மாவு பொங்கும் நேரம்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் தாயார் ஒருவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். தேர்வு நெருங்கியிருக்க, அவருடைய மகள் புத்தகத்தை வைத்துவிட்டு ரொட்டி சுடுகிறாளாம். "படிக்கிற பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை ஐயா? நீங்கள்தான் புத்தி சொல்லவேண்டும்" என்றார். அவருடைய கவலை எனக்கு விளங்கியது. ஆயினும் அந்தப் பிள்ளையைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் நானும் அதே குற்றத்தைச் செய்கிறவன்.

சனிக்கிழமைதோறும் பிரசங்கம் எழுத உட்காருமுன் மாவு பிசைவது என் வழக்கம். அரைக் கிலோ மைதா, இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட், சிறிது உப்பு, ஏறக்குறைய 300 மில்லி வெதுவெதுப்பான நீர். பத்து நிமிடம் நன்றாய்ப் பிசைந்து ஈரத்துணியால் மூடிவைத்தால், நம் ஊர் வெப்பத்தில் ஒரு மணி நேரத்திற்குள் அது இருமடங்காகப் பொங்கிவிடும். அந்த ஒரு மணி நேரம் எழுத்துக்குரியது. மாவை அவசரப்படுத்த வழியில்லை. கொதிநீரை ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும். பின்பு எழுந்து மாவை அழுத்தி உருவாக்கி, மறுபடியும் மேசைக்குத் திரும்புகிறேன். முதுகு வலிக்கும்வரை உட்கார்ந்திருக்கவும் அது விடுவதில்லை. வேலையை விட்டு ஓடிப்போகவும் விடுவதில்லை.

ஒருமுறை கெட்ட குமாரன் உவமையில் வரும் மூத்த மகனைக் குறித்து இரண்டு மணி நேரம் யோசித்தும் ஒரு வரி எழுதமுடியவில்லை. மாவைப் பிசைந்துகொண்டிருக்கையில்தான், வயலில் உழைத்துத் திரும்பிய அவன் பசியோடு வந்திருப்பானே என்று தோன்றிற்று. உள்ளே விருந்து ஆயத்தமாயிருக்க, பிடிவாதத்தினால் பட்டினியாய் வெளியே நின்றவன் அவன். அன்றைய பிரசங்கம் அங்கிருந்து பிறந்தது. கை ஒரு வேலையில் அமரும்போது, மனம் தன் முடிச்சைத் தானே தளர்த்துகிறது.

அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் வாழ்ந்த கவிஞர் எமிலி டிக்கின்சன் (1830–1886) இதை அறிந்திருந்தார் என எண்ணுகிறேன். அவர் வீட்டின் ரொட்டியை அவரே சுட்டார். 1856ஆம் ஆண்டு அவ்வூர்க் கண்காட்சியில் அவருடைய ரொட்டி இரண்டாம் பரிசு பெற்றது. தேங்காய் கேக்கின் செய்முறை எழுதிய தாளின் பின்புறத்தில் ஒரு கவிதையையும் எழுதிவைத்தார். ஏறக்குறைய 1,800 கவிதைகள் எழுதியும், அவர் வாழ்நாளில் அச்சேறியவை மிகச் சிலவே. ஆனால் அவர் சுட்டது அன்றன்றே பிறரைச் சேர்ந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜன்னல் வழியாகக் கூடையில் இஞ்சி கேக்கை இறக்கிக் கொடுப்பாராம். எழுத்தின் பலனுக்கு நெடுங்காலம் காத்திருக்கிறவருக்கு, அன்றே பிறர் பசியாற்றும் ஒரு வேலை பெரிய ஆறுதல்.

ஆகிலும் ஒரு எச்சரிப்பு. இன்று ரொட்டி, நாளை கேக், மறுநாள் பிஸ்கட் என்று போய், தாள் மட்டும் வெறுமையாகவே இருந்தால், அது துணையல்ல, ஒளிவிடம். ரொட்டி வெந்து இறங்குகையில் எத்தனை பக்கம் முடிந்தது என்று நம்மை நாமே உண்மையாய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வேலையும் அல்ல; மகன்களும் பிசையட்டும்.

ஆகையால் அந்தத் தாயாருக்கு நான் சொன்னது இவ்வளவே: "அடுப்படியை விட்டுத் துரத்தாதிருங்கள், அம்மா. மாவை மூடியவுடன் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வெந்தபின் முதல் துண்டை அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அன்று படித்ததைக் கேளுங்கள்."

புளித்த மாவை மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்த ஒரு பெண்ணைக் காட்டியே நம் ஆண்டவர் பரலோக ராஜ்யத்தைப் போதித்தார். அவள் செய்யவேண்டியதைச் செய்தாள், பின்பு காத்திருந்தாள். படிக்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் அந்தப் பொறுமையைக் கர்த்தர் அருளுவாராக. ஆமென்.