இரண்டாவது கத்தி எதற்கு?

பேரப்பிள்ளைகளோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுவதாக எழுதியிருந்தேன். "கணக்கு வாத்தியாருக்கு டிராகனோடு என்ன சார் வேலை?" என்று கேட்டிருந்தீர்கள். கணக்குதான் வேலை.

எங்கள் வீட்டில் பேரன்தான் டன்ஜன் மாஸ்டர். கதையை நடத்துவது, தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவன். நான் பெரிய வாள் ஏந்திய ஃபைட்டர். பேத்தி இரண்டு குட்டை வாள் வைத்திருக்கும் ரேஞ்சர். போன ஞாயிறு கோப்ளின் கூட்டத்தோடு சண்டை முடிந்ததும் அவள் கேட்டாள்: "தாத்தா, ரெண்டாவது கத்தியை நான் ஒரு தடவைகூட வீசலை. இது சும்மா அழகுக்கா?" அடுத்த வாரம் வில்லுக்கு மாறப் போகிறாளாம். அதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நாங்கள் ஆடுவது 2014 புத்தகம். ஒரு கையில் உள்ள இலகுவான ஆயுதத்தால் தாக்கினால், மறு கையில் உள்ள இன்னொரு இலகுவான ஆயுதத்தாலும் ஒரு அடி அடிக்கலாம். இரண்டு நிபந்தனை உண்டு. அந்த இரண்டாவது அடியின் சேதத்தில் உங்கள் திறமைக்கான கூடுதல் எண் சேராது. அதோடு, அந்த அடி உங்கள் 'போனஸ் ஆக்‌ஷனை' விழுங்கிவிடும். ஒரு டர்னுக்கு அது ஒன்றுதான்.

எல்லோரும் குறை சொல்வது முதல் நிபந்தனையை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. முதல் லெவலில் கூடுதல் எண் 3 என்று வையுங்கள். பெரிய வாளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7, கூட்டினால் 10. குட்டை வாள்களுக்கு 3.5 + 3, பிறகு வெறும் 3.5. அதுவும் 10! (எல்லா அடியும் விழுந்ததாகக் கணக்கு.) விதி எழுதியவருக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது. இரண்டாம் லெவலில் அதற்கான பயிற்சியைத் தேர்ந்தெடுத்தால் ரேஞ்சருக்கு அந்த விட்டுப்போன எண்ணும் கிடைத்துவிடும்.

வினை இரண்டாவது நிபந்தனையில்தான். இப்போது நாங்கள் ஐந்தாம் லெவல், கூடுதல் எண் 4. பேத்தி மூன்று அடி அடித்தால் 22.5. அவளுடைய முக்கிய மந்திரம் ஹன்டர்ஸ் மார்க்; குறி வைத்த எதிரிமேல் விழும் ஒவ்வொரு அடிக்கும் இன்னொரு ஆறுமுகப் பகடை. ஆனால் அதைப் போடவும் போனஸ் ஆக்‌ஷன் வேண்டும். எனவே அந்த டர்னில் இரண்டே அடி, மொத்தம் 22. மந்திரத்தைச் செலவழித்தும் அரைப் புள்ளி நஷ்டம்! குறி வைத்தவன் செத்தால் அடுத்தவன்மேல் குறியை மாற்ற மறுபடி போனஸ் ஆக்‌ஷன். கோப்ளினுக்கு உயிர்ப்புள்ளி 7தான். ஒரு வீச்சுக்குத் தாங்காது. பாவம், சண்டை முழுக்கக் குறி மாற்றியே அவள் பொழுது போயிற்று. சாகாமல் நிற்கும் ஒரே பெரிய எதிரி என்றால் இரண்டாம் டர்னிலிருந்து 33 வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எங்கள் பேரனுக்குக் கூட்டம் கூட்டமாக அனுப்புவதுதான் பிடிக்கும்.

திருடன் பாத்திரத்துக்கும் இதே இழுபறி. முதல் அடி தவறினால் இரண்டாவது கத்தி ஒரு மறுவாய்ப்பு. ஆனால் அதை வீசினால் நழுவி ஓடுவதற்கான போனஸ் ஆக்‌ஷன் போச்சு.

பழைய விதிகள் இதைவிடக் கொடுமை. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில், பயிற்சி இல்லாதவன் இரு கையிலும் கனமான வாள் எடுத்தால் முதன்மைக் கையின் குறியில் 6, மறு கையில் 10 கழியும். இப்போதைய விதி எந்தக் கை என்றே கேட்பதில்லை. பேத்தி இடதுகைக்காரி, அதில் அவளுக்குப் பரம திருப்தி.

2024 புத்தகம் இந்தச் சிக்கலை அவிழ்த்துவிட்டது. 'நிக்' என்றொரு ஆயுதத் தேர்ச்சி. அது இருந்தால் அந்தக் கூடுதல் அடி தாக்குதலோடே சேர்ந்துவிடும், போனஸ் ஆக்‌ஷன் மிச்சம். குட்டை வாளுக்கு அது கிடையாது, ஸிமிட்டருக்கு உண்டு. இரண்டுக்கும் ஒரே பகடைதான். ஒரு கத்தியை மாற்றினால் போதும்.

பேரன் மறுக்கிறான். "முதல் டர்ன்லேயே 33 அடிப்பா, நீங்க 22-லயே நிப்பீங்க தாத்தா." நிற்கிறேனே! எனக்கு ஆக்‌ஷன் சர்ஜ் இருக்கிறது, அந்த டர்னில் 44. அவளுக்கு மந்திரம் செலவாகிறது, எதிரியின் மூக்குக்கு எதிரே நிற்க வேண்டும், அடிபட்டால் கவனம் கலைந்து குறியே அறுந்துபோகலாம். நடுவில் விதியை மாற்றுவது முறையல்ல என்கிறான். அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் வில்லுக்கு மாறு என்று மறைமுகமாக அவளை விரட்டுவது மட்டும் முறையா?

கடைசியில் ஒரே ஒரு சண்டைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறான். வரும் ஞாயிறு, பன்னிரண்டு கோப்ளின்களாம். பேத்தி தன் குறிப்புத்தாளில் ஒரு குட்டை வாளை அடித்துவிட்டு ஸிமிட்டர் என்று எழுதிவிட்டாள். வில்லை இன்னும் அடிக்கவில்லை.