‘நாய்க்குத்தானே!’

கைப்பேசியில் எடுத்த படத்தை மருந்துக் கடையில் நீட்டுகிறார்கள். நாயின் அடிவயிற்றில் சிவந்த கொப்புளங்கள், ஓரத்தில் செதில் உரியும் வட்டங்கள். ‘நாய்க்குத்தானே’ என்று சொல்லி ஒரு பட்டை செஃப்போடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிறார் கடைக்காரர். சீட்டு கேட்பதில்லை. நாயின் எடையும் கேட்பதில்லை. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும், மருந்து விதிகளின் ஹெச்1 அட்டவணையில் உள்ள மருந்து அது. எழுதிக் கொடுத்த மருத்துவர் யார், யாருக்கு, எவ்வளவு என்பதைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். நோயாளி நாய் என்பதற்காகச் சீட்டில்லாமல் விற்க எவருக்கும் உரிமை இல்லை. இந்த விற்பனையை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நாய்த் தோலில் சீழ் வைப்பது பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா. நல்ல நாயின் மூக்கிலும் வாயிலும் அது சாதுவாகக் குடியிருக்கும். ஒவ்வாமையோ தெள்ளுப்பூச்சியோ தைராய்டு குறைவோ தோலைக் கெடுத்தால் உள்ளே புகும். மூல காரணத்தைப் பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் புண் ஆறும், மறுபடி வரும், மறுபடி மாத்திரை. பாக்டீரியாவுக்கு மருந்து எதிர்ப்புத்திறன் வளர இதைவிட வசதியான வழி இல்லை. மெக்-ஏ மரபணுவைப் பெற்றுவிட்ட வகையிடம் செஃபலெக்சினும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டும் செஃப்போடாக்சிமும் பலிக்காது. அந்த வகையில் பலவும் என்ரோஃப்ளாக்சசினுக்கும் கிளிண்டாமைசினுக்கும்கூட மசிவதில்லை. அது அரிதாக மனிதருக்கும் தொற்றும்.

மேலோட்டமான தொற்றுக்குக் குளோர்ஹெக்சிடின் ஷாம்பு போன்ற வெளிப்பூச்சு மருந்தையே முதலில் பயன்படுத்த வேண்டும் என்கிறது 2025இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல். அந்த முதல் அரணையும் நாம் பாழாக்குகிறோம். நுரை தோலில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். ஒரே நிமிடத்தில் அலசி விடுகிறார்கள். மருத்துவமனை மேசையைத் துடைக்கும் கிருமிநாசினியை, செலவு குறையட்டும் என்று, அளவுக்கு மீறி நீர்க்க விடுகிறார்கள். கிருமிநாசினியைச் செல்லுக்குள்ளிருந்து வெளியே தள்ளும் க்யூ-ஏ-சி மரபணுக்கள் இந்த பாக்டீரியா இனத்தில் ஏற்கெனவே கண்டறியப்பட்டுள்ளன. சரியான செறிவில் இன்றும் குளோர்ஹெக்சிடின் கொல்கிறது. நீர்த்துப்போன மிச்சமோ, தாங்கும் வகைகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது.

கால்நடை மருத்துவர்களும் இதில் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. கொப்புளத்தை ஊசிமுனையால் திறந்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். அதைச் செய்யாமல், அரிப்பு அடங்கட்டும் என்று ஸ்டீராய்டு ஊசியும் ஆன்டிபயாடிக்கும் சேர்த்துப் போடுவது சிகிச்சை ஆகாது. முதல் மருந்து பலிக்காதபோது கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பாமல் அடுத்த மருந்துக்குத் தாவுவது அதைவிடப் பெரிய தவறு. ‘செலவு அதிகம், உரிமையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார்’ என்கிறார்கள். பலிக்காத மூன்று மருந்துகளுக்கும் அவர்தானே பணம் கட்டினார்?

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஹெச்1 பதிவேடுகளைச் சோதிக்கும்போது, விலங்குகளுக்கு என்று சொல்லி விற்ற மருந்தையும் கணக்குக் கேட்க வேண்டும். கணக்கு காட்டாத கடையின் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுகளில் செல்லப்பிராணிகளின் தோல் மாதிரிகளுக்கும் குறைந்த கட்டணத்தில் கல்ச்சர் பரிசோதனை செய்ய அரசு ஆணையிட வேண்டும். அந்த முடிவுகளைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தொகுத்து, எந்த ஊரில் எந்த மருந்து பலிக்கவில்லை என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை இந்தப் பரிசோதனைக்கும் தொகுப்புக்குமான உத்தரவை இந்த நிதியாண்டுக்குள் பிறப்பிக்க வேண்டும்.