நடுக்கம் நாணத்தக்கது அன்று



சனவரி மாதத்துத் தில்லிக் காலைப்பொழுதை நீங்கள் நன்கு அறிவீர்கள். மூடுபனியில் பள்ளிப் பேருந்தின் விளக்கொளி மட்டுமே தெரியும். சில நாள்களில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கிவிடும். அத்தகைய ஒரு நாளில், முதல் பாடவேளையில், பார்த்தெழுதும் பயிற்சி அளித்தேன். ஒரு மாணவன் மட்டும் நான்கு வரிகளைத் தாண்டவில்லை. "ஏன் இத்தனை மெதுவாக எழுதுகிறாய்?" என்று கடிந்துகொண்டேன். அவன் பற்கள் தந்தியடித்தன, விடை வரவில்லை. அருகில் இருந்தோர் நகைத்தனர்.

பிறகுதான் உண்மை தெரிந்தது. அவனிடம் இருந்த ஒரே சீருடைக் கம்பளிச்சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார்கள். வெயிலே வராததால் அது இரண்டு நாள்களாகியும் உலரவில்லை. வீட்டில் சிவப்பு நிறக் கம்பளிச்சட்டை ஒன்று இருந்தது. சீருடை நிறம் இல்லையே என்று அஞ்சி, அதை அணியாமல் வந்துவிட்டான்.

அன்று பிழை செய்தவன் அவன் அல்லன், நானே.

நம் உடலின் உட்பகுதி ஏறத்தாழ 37 டிகிரி செல்சியசு வெப்பத்தில் இருந்தால்தான் உறுப்புகள் செவ்வனே இயங்கும். குளிர் தாக்கியதும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமசு என்னும் பகுதி விழித்துக்கொள்கிறது. தோலில் உள்ள இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. இதயம், மூளை முதலிய உறுப்புகளின் வெப்பத்தைக் காக்க, கைகால்களுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. அதனால் விரல்கள் விறைக்கின்றன, எழுதுகோல் நழுவுகிறது. அம்மாணவனின் கை மெதுவாக இயங்கியதற்குச் சோம்பல் காரணம் அன்று.

அதுவும் போதாதபோது உடல் நடுங்கத் தொடங்குகிறது. தசைகள் விரைந்து சுருங்கி விரிந்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. நாம் உண்ட உணவே அதற்கு எரிபொருள். ஆகவே, நடுக்கம் என்பது கோழைத்தனம் அன்று; உடல் தன்னைக் காத்துக்கொள்ள மேற்கொள்ளும் உழைப்பு. உழைப்பவரைக் கண்டு நகைக்கலாமா?

"பழகினால் குளிர் தாங்கும்" என்பர் சிலர். பழகப் பழகக் குளிரின் துன்பம் ஓரளவு குறைவதுண்டு. ஆனால், பழக்கம் ஆடைக்கு ஈடாகாது. எடையோடு ஒப்பிட்டால் சிறுவர்களின் உடற்பரப்பு மிகுதி. எனவே அவர்கள் பெரியவர்களைவிட விரைவில் வெப்பத்தை இழக்கின்றனர். தடித்த மேலாடை அணிந்த ஆசிரியர், "எனக்குக் குளிரவில்லையே" என்று கூறி, மாணவரின் குளிரை அளக்கக் கூடாது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்கும் கீழே இறங்கினால் உயிருக்கே ஊறு நேரலாம். மேலும் இறங்கினால் பேச்சுக் குழறும், அறிவு மயங்கும், நடுக்கமும் நின்றுவிடும். அப்போது "குளிர் விட்டுவிட்டது" என்று எண்ணுவது பேதைமை. உடனே மருத்துவ உதவி தேவை.

சியாச்சின் பனிமலையில் எல்லை காக்கும் வீரர்களும் அடுக்கடுக்காக உடுத்துகின்றனர். அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று வெப்பத்தை வெளியேற விடாது என்பதை அவர்கள் அறிவர். அவர்களைக் கோழைகள் என்று எவரேனும் கூறுவரா?

சீருடை ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஏழை, செல்வர் என்னும் வேற்றுமையை மறைப்பது அது. எனினும், கடுங்குளிர் நாள்களில் எந்த நிறக் கம்பளி ஆடைக்கும் இசைவு தரவேண்டும் என்பதே என் கருத்து. நிறம் மாறினால் வரிசையின் அழகுதான் சிறிது குறையும். ஆடை இல்லையேல் குழந்தையின் உடல்நலம் குன்றும்.

குளிரால் நடுங்கியதாகக் கருதி மயிலுக்குத் தன் போர்வையை அளித்த வள்ளல் பேகனைச் சிறுபாணாற்றுப்படை போற்றுகிறது. தோகை உடைய மயிலுக்குப் போர்வை தேவைதானா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் அருகில் நடுங்கும் தோழனுக்கு அது தேவை என்பதில் ஐயம் இல்லை.

சிந்தித்து விடை எழுதுக

1. குளிரில் விரல்கள் விறைப்பது ஏன்?
2. நடுக்கத்தை 'உழைப்பு' என்று ஆசிரியர் கூறக் காரணம் யாது?
3. கடுங்குளிர் நாள்களில் சீருடை விதியைத் தளர்த்தலாமா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.