காவலர் யாருடைய காவலர்?

2019-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3-ஆம் நாள், ஞாயிறு மாலை. கல்கத்தா நகரக் காவல் ஆணையர் ராஜீவ் குமாரின் இல்லத்தை நாடிச் சென்ற சி.பி.ஐ. அதிகாரிகளை அந்நகரின் காவலர்களே வாயிலில் மறித்தனர். வண்டியிலேற்றி ஷேக்ஸ்பியர் சரணிக் காவல் நிலையத்திற்குக் கொண்டு சென்றனர், பின்னரே விடுவித்தனர். சி.பி.ஐ. அலுவலகங்களை மாநிலக் காவலர் சூழ, சிறிது நேரத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அவற்றுக்குக் காவலாக வந்திறங்கிற்று. காக்கிக்கு எதிரே காக்கி நின்றது. அன்றிரவே முதலமைச்சர் மம்தா பானர்ஜி எஸ்பிளனேடில் தர்ணா அமர்ந்தார். அரசியல் சாசனத்தைக் காக்க அமர்ந்தேன் என்றார் அவர். சட்டத்தை நிலைநாட்ட ஆள் அனுப்பினோம் என்றது தில்லி.

நம் சமுதாயத்தார் பலர் அன்று கைதட்டியதை நாம் அறிவோம். தில்லியை எதிர்த்து ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார் என்றவுடன் நம் உள்ளம் குளிர்ந்துவிடுகிறது. அவர் எதற்காக நிற்கிறார், யாரைக் காக்க நிற்கிறார் என்று கேட்கும் பொறுமை நமக்கு இருப்பதில்லை. அந்தக் கைதட்டலைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

வழக்கு யாரைப் பற்றியது? சாரதா என்னும் நிதி நிறுவனத்தைப் பற்றியது. வங்கக் கிராமங்களில் ரிக்ஷா இழுப்பவர், மீன் விற்பவர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் என்று எளிய மக்களிடம் முகவர்கள் வழியே பணம் திரட்டி, 2013 ஏப்ரலில் அது கவிழ்ந்தது. அதன் தலைவர் சுதீப்த சென் காஷ்மீரத்துக்கு ஓடிச் சோன்மார்கில் பிடிபட்டார். மாநில அரசு அமைத்த நீதிபதி சியாமள் சென் ஆணையத்தின் முன் பணத்தைக் கேட்டு மனுப் போட்டோர் தொகை ஏறத்தாழ 17 இலட்சம். அரசு 500 கோடி ரூபாய் நிவாரண நிதி அறிவித்தது. அதைத் திரட்டப் புகையிலைப் பொருள்கள் மீது வரியை உயர்த்தியது. கொஞ்சம் கூடுதலாகப் புகைபிடியுங்கள் என்று முதலமைச்சர் மக்களுக்குச் சொன்னதும் அப்போதுதான். ஏழையின் சேமிப்பைத் திருப்பித் தர ஏழையின் நுரையீரலில் வசூல்! 2014 அக்டோபரில் ஆணையம் முடித்துவைக்கப்பட்டது. பணம் பெற்றவர் சிலர். பெறாது நின்றவர் மிகப் பலர்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. அதற்கு முன் மாநில அரசின் சிறப்புப் புலனாய்வுக் குழுவை நடத்தியவர் இதே ராஜீவ் குமார். சான்றுகள் மறைக்கப்பட்டன என்பது சி.பி.ஐ.யின் குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். குற்றச்சாட்டு குற்றத் தீர்ப்பாகாது என்பதை நாமும் மறவோம். ஆனால் ஓர் அதிகாரி விசாரணைக்குச் சென்று மறுமொழி கூறுவதைத் தடுக்க ஓர் அமைச்சரவையே தெருவில் உட்காரவேண்டிய அவசியம் என்ன? அந்த தர்ணாவின் இடத்திலேயே அமைச்சரவைக் கூட்டம் நடந்தது. காவலர்களுக்குப் பதக்கம் வழங்கும் விழாவும் அங்கேயே நடந்தது. கட்சி மேடையின் நிழலில் பதக்கம் வாங்கும் காவலர், மறுநாள் எதிர்க்கட்சிக்காரனின் புகாரை எந்தக் கண்ணால் பார்ப்பார்?

அரபியில் காவல் படைக்கு ஷுர்த்தா என்பது பெயர். ஷரத் என்றால் அடையாளம். மறுமையின் அடையாளங்களை அஷ்ராத் என்கிறோமே, அதே வேர்ச்சொல். மக்கள் தம்மை இனங்காண்பதற்காக அவர்கள் அடையாளம் அணிந்திருந்தனர், அதனால் அப்பெயர் பெற்றனர் என்று அகராதி ஆசிரியர்கள் கூறுவர். இன்றைய காவலரின் தோளிலும் அடையாளம் உண்டு. அது அரசின் சின்னம், ஆளும் கட்சியின் சின்னமன்று. அதை எடுத்துச் சொல்வதற்கும் அறபுப் பாடம் தேவைப்படுகிறதே!

தில்லியின் தரப்பு தூய்மையானது என்று எவரும் எண்ணிவிட வேண்டா. சி.பி.ஐ.யைக் கூண்டுக்கிளி என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. அன்று கூண்டின் சாவி காங்கிரஸ் அரசிடம் இருந்தது. பின்னர் சாவி கைமாறியதேயன்றிக் கூண்டு உடையவில்லை. அந்நிறுவனத்தின் இயக்குநருக்கு இரண்டாண்டுப் பதவிக்காலம் உறுதி என்று 1997-இல் நீதிமன்றம் விதித்திருந்தும், 2018 அக்டோபரில் ஒரு நள்ளிரவில் அலோக் வர்மா விடுப்பில் அனுப்பப்பட்டார். இதே சாரதா வழக்கில் 2014 நவம்பரில் விசாரிக்கப்பட்ட ஹிமந்த விஸ்வ சர்மா 2015-இல் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார். 2015 சனவரியில் விசாரிக்கப்பட்ட முகுல் ராய் 2017-இல் அங்கே சேர்ந்தார். சேர்ந்தபின் விசாரணையின் வேகம் என்னவாயிற்று என்பதை நாடே பார்த்தது. தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, புதிய இயக்குநரின் பெயர் அறிவிக்கப்பட்ட மறுநாள், அவர் பொறுப்பேற்கும் முன்பே, ஞாயிறு மாலையில் ஆணையர் வீட்டுக்குப் படை அனுப்பியதில் சட்டத்தின் அவசரத்தைவிட அரசியலின் அவசரமே நமக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 5-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஆணையர் ஷில்லாங்கில் சி.பி.ஐ. முன் வரவேண்டும், ஆனால் அவரைக் கைது செய்யலாகாது என்று ஆணையிட்டது. எமக்கே வெற்றி என்றனர் இருதரப்பாரும். பணம் இழந்த 17 இலட்சம் பேரைப் பற்றி இரு வெற்றி விழாக்களிலும் பேச்சில்லை.

காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ள அதிகாரம். 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாநிலத்தின் இசைவின்றி சி.பி.ஐ. தானாக அங்கே புலனாய்வு செய்ய இயலாது. நீதிமன்றம் ஆணையிட்டால் மட்டும் இசைவு வேண்டுவதில்லை. இது நல்ல வேலிதான். வேலியை மேய்ச்சலுக்குத் தக்கபடி நகர்த்துகிறார்களே, அதுதான் கேடு. ஆந்திரம் 2018-இல் இசைவைத் திரும்பப் பெற்றது. ஆட்சி மாறியதும் 2019-இல் திருப்பிக் கொடுத்தது. மராட்டியம் 2020-இல் பெற்றது. ஆட்சி மாறியதும் 2022-இல் கொடுத்தது. தமிழகம் 2023 சூன் 14-இல், ஓர் அமைச்சரை மத்திய அமலாக்கத் துறை கைது செய்த அதே நாளில், இசைவைத் திரும்பப் பெற்றது. மாநில உரிமை என்பது கொள்கையாயின், அது கைது நாளில் மட்டும் நினைவுக்கு வருவானேன்?

அவ்வாண்டு திசம்பரில் அதே நாடகம் நம் திண்டுக்கல்லுக்கும் வந்தது. 20 இலட்சம் ரூபாய் இலஞ்சம் பெற்றதாக ஓர் அமலாக்கத் துறை அதிகாரியை மாநில இலஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்து, மதுரையிலிருந்த அத்துறையின் அலுவலகத்தையும் சோதனையிட்டது. மத்தியப் படை அங்கே காவல் வந்தது. கல்கத்தாவில் தடுத்தவர் மாநிலம். மதுரையில் புகுந்தவர் மாநிலம். மற்றபடி வசனம் ஒன்றே.

மருந்து இல்லாத நோயா இது? இல்லை. ஓய்வுபெற்ற காவல் தலைவர் பிரகாஷ் சிங் முதலியோர் 1996-இல் தொடுத்த வழக்கில், 2006 செப்டம்பர் 22-இல் உச்ச நீதிமன்றம் மருந்தை எழுதிக் கொடுத்தது. காவல் தலைவரை முதலமைச்சர் தம் விருப்பப்படி எடுக்காமல் மத்தியத் தேர்வாணையம் தரும் பெயர்களிலிருந்து எடுக்கவேண்டும். அவருக்கு இரண்டாண்டு உறுதி வேண்டும். புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்கவேண்டும். காவலர் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும். மத்தியப் படைகளின் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கவும் ஓர் ஆணையம் வேண்டும். இம்மருந்தை முழுமையாக அருந்திய அரசு எது? எந்தக் கட்சியும் இல்லை! தமிழகம் 2013-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி அமைந்த மாநிலப் புகார் ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர்! அடித்தவனின் எசமானிடமே அடிபட்டவன் முறையிடவேண்டும் என்பது சீர்திருத்தமாம்.

“தில்லியின் கையில் எல்லாம் போய்விட்டால் நம் கதி என்ன? மாநிலக் காவலாவது நமக்கு அரண் அல்லவா?” என்று கேட்போர் நம்மில் உண்டு. அவர்களின் அச்சம் பொய்யன்று. ஆயினும் 1987 மே 22-இல் மீரட் நகரின் ஹாஷிம்புராவிலிருந்து முஸ்லிம் இளைஞர்களை வண்டியில் ஏற்றிச் சென்று, கால்வாய்க் கரையில் சுட்டுத் தள்ளியது எந்தப் படை? உத்தரப் பிரதேச மாநிலத்தின் ஆயுதக் காவல் படை. அவர்களுள் 16 பேருக்குத் தில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 அக்டோபர் 31-இல்; அதாவது 31 ஆண்டுகள் கழித்து. 1997 நவம்பர் இறுதியில் கோவை வீதிகளில் துப்பாக்கி நீட்டியதும் தில்லியிலிருந்து வந்த படையன்று. அதை நினைவூட்ட நம் வாசகர்களுக்கு நாம் தேவையில்லை.

ஆகவே, காவல் யார் கையில் என்று கேட்கும்போதெல்லாம் ‘நமக்கு வேண்டியவர் கையில்’ என்று மகிழ்வதை இனியேனும் நிறுத்துவோம். வேண்டியவர் ஐந்தாண்டில் போவார்; அவர் பழக்கிவைத்த காவலர் அடுத்தவருக்கும் அப்படியே பணிவார். வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருவோர் எக்கட்சியினராயினும், 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பை உங்கள் ஆட்சி நிறைவேற்றுமா என்று கேட்டு, அவர்கள் சொல்வதை ஜமாஅத்தார் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.